ஒரு பக்கம் வாசித்து, விலையைச் சொல்லி: நம் புத்தகங்களும் காணொளியும்



இந்த ஆண்டின் நினைவுச் சொற்பொழிவுக்கு மன்றம் எங்களை அழைத்தபோது, தன்வரலாறு, அழகியல், மொழி என்று ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேசுவோம் என்று நண்பர்கள் எதிர்பார்த்திருக்கலாம். நாங்கள் புத்தகம் விற்பதைப் பற்றிப் பேசப்போகிறோம். எழுதியவரே செல்பேசியை எதிரில் நிறுத்தி, காணொளி எடுத்து, தன் புத்தகத்தை விற்பதைப் பற்றி. ‘நாங்கள்’ என்பது, சில ஆண்டுகளாக ஒன்றாகக் காசு போட்டு அச்சிட்டு, ஒரே செல்பேசியில் படம்பிடித்து வருகிற ஐந்து பேர். உரையை ஐவரும் சேர்ந்துதான் எழுதினோம். வாசிக்கிறவர் மட்டும் ஒருவர்.

யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ, அந்த அண்ணனை அறிந்தவர்களுக்கு அவருடைய ஜோல்னாப் பை மறந்திருக்காது. எந்தக் கூட்டமானாலும் பையில் பத்துப் பதினைந்து புத்தகம் இருக்கும். கூட்டம் கலைந்து, நாலு பேர் டீக்கடை வாசலில் நிற்கும் நேரத்தில் ஒரு புத்தகத்தைப் பிரித்து ஒரு பக்கம் வாசிப்பார். நூலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். முக்கியமான நூல், தவறவிடக் கூடாத நூல் என்பதெல்லாம் அவர் வாயில் வந்து நாங்கள் கேட்டதில்லை. பக்கம் முடிவதற்கு இரண்டு வரிக்கு முன்னால் நிறுத்திவிட்டு, “எண்பது ரூவா” என்பார். மீதி இரண்டு வரிக்காக வாங்கியவர்கள் உண்டு. எங்களில் இருவர் அப்படி வாங்கித்தான் எழுத வந்தோம்.

நாங்கள் காணொளியில் கற்றுக்கொண்டதை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், அண்ணன் டீக்கடை வாசலில் செய்ததற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு ஆண்டு ஆயிற்று. இரண்டு ஆண்டும் என்ன தப்புச் செய்தோம் என்பதைச் சொன்னால், புதிதாக எழுத வருகிற தம்பி தங்கைகளுக்கு அந்தக் காலம் மிச்சமாகும்.

முதலில் ஒரு கூச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுதியவனே கூவி விற்பது மரியாதையா என்று நம்மில் பலர் கேட்கிறார்கள். அந்த மரியாதை யாருக்குக் கட்டுப்படியாகும் என்று யோசித்துப் பாருங்கள். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். ஏளனத்துக்குப் பயன்பட்ட பெயரை விற்பனைக்கான பெயராக முகப்பில் அச்சடித்தார். 1907 ஜூன் 19ஆம் நாள் சென்னை ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய வார இதழின் பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. விலையையே தலைப்பில் வைத்துவிட்டார். பத்திரிகையின் பெயரைச் சொன்னாலே எவ்வளவு காசு கொண்டுவர வேண்டும் என்று தெரிந்துவிடும். அது கோலார் தங்கவயலுக்குப் போயிற்று, ரங்கூனுக்குப் போயிற்று. 1914இல் பண்டிதர் மறைந்த பிறகு, பின்னாளில் தங்கவயல்காரர்களும் அதை நடத்தினார்கள். வாங்கியவர்களே அதன் சொந்தக்காரர்களாகவும் ஆனார்கள்.

பாபாசாகேப் 1920 ஜனவரியில் ‘மூக்நாயக்’ தொடங்கியபோது, காசு கொடுத்தும்கூட அதன் விளம்பரத்தை வெளியிட ‘கேசரி’ மறுத்தது. விளம்பர இடத்தைக்கூட நமக்கு விற்க மாட்டார்கள் என்பது அன்றைய நிலை. 1936இல் லாகூர் மாநாட்டுக்காக அவர் தயாரித்த உரையை வாசிக்கவிடாமல் மாநாட்டையே ரத்து செய்தார்கள். அவர் அதைத் தம் சொந்தச் செலவில் புத்தகமாக்கினார். ‘சாதி ஒழிப்பு’ என்று நாம் இன்று படிக்கும் அந்த நூலின் முதல் ஆங்கிலப் பதிப்பு 1500 பிரதி. இரண்டு மாதத்தில் தீர்ந்துவிட்டது என்று இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் எழுதுகிறார். தமிழில் மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது என்றும் அதே இடத்தில் குறிப்பிடுகிறார். எத்தனை பிரதி, எத்தனை மாதம் என்று கணக்குச் சொல்வதில் அவருக்குக் கூச்சம் இல்லை. நமக்கு ஏன்?

இன்றைய கணக்குக்கு வருவோம். நம்மைப் போன்ற சிறு குழு ஒரு நூலை 300 பிரதி அச்சிடுகிறது. கடையில் வைத்தால் விலையில் மூன்றில் ஒரு பங்கு கழிவாகப் போகும், சில இடங்களில் அதற்கும் மேலே. மீதிப் பணம் எப்போது வரும் என்று கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும். சென்னைப் புத்தகக் காட்சியில் தனியாக அரங்கு எடுக்க நம்மால் ஆகாது. வேறொருவர் அரங்கில் ஓர் ஓரம் கேட்டு வைக்கிறோம். நூலக ஆணை வந்தால் வந்தது. ஆக, எழுதியவருக்கும் படிக்கிறவருக்கும் நடுவில் இருக்கிற எல்லாப் படிக்கட்டிலும் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் படிக்கட்டுகளில் ஏறாமல் ஒருவர் முன்னால் போய் நிற்க ஒரு வழி இருக்கிறது என்றால், அது இந்தச் செல்பேசிதான். இப்படிச் சொல்லித்தான் நாங்களும் ஆரம்பித்தோம்.

ஆனால் நாங்கள் ஆரம்பித்தது எங்கள் செல்பேசியில் அல்ல, இன்னொருவர் சேனலில்.

எங்களில் ஒருவருடைய முதல் நாவல் வந்த சமயம். ஒரு சேனலிலிருந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். பெயர் வேண்டாம். ஆர்வத்தோடு போனோம். நாற்பது நிமிடம் கேள்வி கேட்டார்கள். நாவலைப் பற்றி ஒரு கேள்விதான், அதுவும் கடைசியில். மீதி நேரம் முழுக்க, பள்ளிக்கூடத்தில் எங்கே உட்கார வைத்தார்கள், டீக்கடையில் எந்த டம்ளர், அப்பாவை யார் அடித்தார்கள் என்பதுதான். பதில் சொல்லும்போது ஓரிடத்தில் அவருக்குக் குரல் உடைந்தது. கேமராக்காரர் கிட்டே வந்தார். காணொளி வெளியானபோது முகப்புப் படத்தில் அந்தக் கலங்கிய முகம், மேலே சிவப்பு எழுத்தில் ஒரு தலைப்பு. அந்தத் தலைப்பை இங்கே திருப்பிச் சொல்ல மனமில்லை. புத்தகம் மேசையில் ஓரமாகத் தெரிந்தது, அட்டையின் பாதிதான். கீழே குறிப்பில் புத்தகத்தின் பெயர் இல்லை, விலை இல்லை, எங்கே கிடைக்கும் என்று இல்லை.

லட்சத்துக்கும் மேலானவர்கள் பார்த்தார்கள். அந்த மாதம் பதினேழு பிரதி போயிற்று. அதில் ஆறு பேர் நமக்குத் தெரிந்தவர்கள்.

பார்வை எண்ணிக்கை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. பார்த்தவர்கள் மனமிரங்கியும் இருக்கிறார்கள், கருத்துகளைப் படித்தால் தெரிகிறது. ஆனால் அவர்களுக்குத் தேவையானது அந்த நாற்பது நிமிடத்திலேயே கிடைத்துவிட்டது. கண்ணீர் இலவசமாகக் கிடைத்த பிறகு நூற்றைம்பது ரூபாய் கொடுத்து ஏன் வாங்க வேண்டும்? அதைவிட முக்கியமாக, அந்த நாவலில் கண்ணீரே கிடையாது. அது ஊர்த் திருவிழாவில் மேளக்காரர்கள் செய்யும் குறும்பைப் பற்றிய கதை. படித்தால் சிரிப்பு வரும். காணொளியைப் பார்த்து வாங்கியவர் ஒருவர், ‘நீங்கள் பேசினது மாதிரி புத்தகம் இல்லையே’ என்று வாட்ஸ்அப்பில் எழுதினார். அவர் சொன்னது நியாயம். விற்கப்பட்டது வேறு சரக்கு.

நம் எழுத்தாளரைக் கூப்பிடும்போதெல்லாம் எழுத்தைத் தள்ளிவைத்துவிட்டு வாழ்க்கையைக் கேட்பது காணொளியோடு வந்த பழக்கமல்ல. கருத்தரங்கிலும் அதுதான் நடக்கிறது. ஆனால் கருத்தரங்கில் ஐம்பது பேர். இங்கே லட்சம் பேர், அதுவும் அழியாமல் அப்படியே கிடக்கும். எல்லாச் சேனலையும் ஒரே தராசில் வைக்கவில்லை. ஸ்ருதி டிவி போன்றவர்கள் இலக்கியக் கூட்டங்களைத் தொடர்ந்து பதிவுசெய்து வைத்திருப்பது பெரிய சேமிப்பு. நீலம் பண்பாட்டு மையம் சார்ந்து பதிப்பகம், புத்தகக்கடை, யூடியூப் சேனல் மூன்றும் சேர்ந்தே நடக்கின்றன. அங்கே பேச்சும் புத்தகமும் ஒரே கையில் இருப்பதால் ஒன்று இன்னொன்றைக் கைவிடுவதில்லை. எங்களைப் போன்ற ஐந்து பேருக்கு அந்த வசதி இல்லை. ஆனால் அந்த ஏற்பாட்டின் மிகச் சிறிய வடிவத்தை நாமே செய்துகொள்ளலாம் என்று புரிந்தது.

அடுத்த தப்பு, வெளியீட்டு விழாவை முழுக்க எடுத்து ஏற்றியது. இரண்டே முக்கால் மணி நேரம். நம் விழாக்களின் வரிசை உங்களுக்குத் தெரியும்: வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை நாலு பேர், பொன்னாடை, அதற்குப் பிறகு ஆய்வுரை, எல்லாம் முடிந்து நாற்காலிகளை மடக்கும் சத்தத்துக்கு நடுவே எழுதியவரின் ஏற்புரை. யூடியூப் ஸ்டுடியோவில், பார்க்கிறவர்கள் எந்த நிமிடத்தில் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பதைக் கோடு போட்டுக் காட்டும் ஒரு படம் உண்டு. அதை முதன்முதலாகத் திறந்து பார்த்த அன்று எங்களுக்குக் கொஞ்சம் வலித்தது. வரவேற்புரையிலேயே கோடு பள்ளத்தில் விழுந்துவிட்டது. ஏற்புரை வரை வந்தவர்கள் பெரும்பாலும் பேச்சாளர்கள்தான், தாங்கள் பேசிய இடத்தைத் தேடி வந்தவர்கள். பிறகு ஏற்புரையிலிருந்து ஏழு நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்துத் தனியாகப் போட்டோம். அதற்கு மட்டுமே பத்து ஆர்டர் வந்தது. வாழ்த்துரை வழங்கிய பெரியவர்கள் கோபித்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

இனி, எது பலன் கொடுத்தது என்று சொல்கிறோம்.

எழுதியவர் தன் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தை, தன் ஊர்ப் பேச்சில், நிதானமாக வாசிப்பது. அவ்வளவுதான். மூன்று நிமிடம், மிஞ்சினால் நாலு. முன்னுரை கிடையாது. ‘வணக்கம் நண்பர்களே, இன்றைக்கு நாம்’ என்று இழுப்பது கிடையாது. முதல் நொடியிலேயே வாசிப்பு தொடங்கும். முடிவதற்குச் சற்று முன்னால் நிறுத்தி, அட்டையைக் காட்டி, பெயர், விலை, எண்.

இது நம் எழுத்துக்கு மற்றவர்களைவிட அதிகமாகப் பொருந்துவதற்குக் காரணம் இருக்கிறது. நம்முடைய மொழி காதுக்காக எழுதப்பட்டது. 1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தபோது பேச்சுத் தமிழிலேயே ஒரு புத்தகம் முழுக்க எழுதலாமா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அச்சில் பார்த்து, இது என்ன எழுத்து, எப்படி வாசிப்பது என்று தடுமாறுகிற ஒருவர், அதே வரியை எழுதியவர் வாயால் கேட்டால் தடுமாறுவதில்லை. எங்கே மூச்சு விடுகிறோம், எந்தச் சொல் கேலி, எது ஆத்திரம், எது பாட்டி பேரனைக் கொஞ்சும் வசவு என்பது குரலில் பிடிபடுகிறது. எங்கள் கதை ஒன்றில் ஒரு வசவுச் சொல் இருக்கிறது. அச்சில் படித்த ஒரு பேராசிரியர் அதை எடுத்துவிடச் சொன்னார். வாசித்த காணொளியைப் பார்த்துவிட்டு அவரே, ‘அது கொஞ்சலா, தெரியாமப் போச்சே’ என்றார். வாசிப்பை ஒருமுறை கேட்டவர்கள் பிறகு புத்தகத்தைத் திறக்கும்போது எங்கள் குரலோடுதான் திறக்கிறார்கள். எங்களிடம் வாங்குபவர்களில் பலர் இலக்கிய வாசகர்களே அல்ல. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள், சென்னையில் வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள், வளைகுடா நாடுகளில் இருப்பவர்கள். ‘எங்க ஊர்ப் பேச்சு மாதிரியே இருக்கு’ என்பதுதான் அவர்கள் முதலில் எழுதும் வரி.

எந்தப் பக்கத்தை வாசிப்பது என்பதில் நேரம் செலவிடுங்கள். புத்தகத்தின் மிகக் கொடூரமான பக்கத்தைத்தான் கை தேடும். அதை வாசித்தால் பார்வை கூடும், உண்மை. நாங்கள் அந்தப் பக்கத்தைப் புத்தகத்துக்குள்ளேயே விட்டுவைக்கிறோம். அதுவரை நூறு பக்கம் கூட நடந்துவந்தவருக்குத்தான் அது உரியது என்பது எங்கள் எண்ணம். ஒரு சமையல், ஒரு சண்டை, ஒரு கிழவியின் வம்புப் பேச்சு, மாடு தொலைந்து தேடுவது, இப்படிப்பட்ட பக்கங்கள் நன்றாக வாசிக்க வருகின்றன.

கருவிகள் பற்றிக் கேட்பீர்கள். சாதாரண ஆண்ட்ராய்டு செல்பேசி போதும். படம் சுமாராக இருந்தால் மன்னிப்பார்கள், சத்தம் சரியில்லாவிட்டால் போய்விடுவார்கள். ஆகவே காசு இருந்தால் சட்டையில் குத்தும் சிறிய மைக் ஒன்று வாங்குங்கள். அது இல்லாவிட்டால் துணிமணி அதிகமுள்ள சின்ன அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு வாசியுங்கள். எங்கள் முதல் காணொளிகளில் நாவலைவிட மின்விசிறிதான் அதிகம் பேசியது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டாமல் முகத்தைக் காட்டி உட்காருங்கள். பின்னால் புத்தக அலமாரி வேண்டும் என்று சிலர் கடன் வாங்கிக்கூட வைக்கிறார்கள், தேவையில்லை.

நிறுத்துவாக்கில் எடுக்கும் குறும்படங்களான ஷார்ட்ஸ் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அவை புதியவர்களிடம் வேகமாகப் போகும். ஆனால் 2023 ஆகஸ்ட் இறுதியிலிருந்து ஷார்ட்ஸின் குறிப்பிலும் கருத்திலும் போடும் இணைப்புகளை அழுத்தினால் திறக்காது. நாங்கள் இது தெரியாமல் பல மாதம் இணைப்பைக் கீழே போட்டுவிட்டு, ஏன் ஒருவரும் வரவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தோம். நீளமான காணொளியின் குறிப்பிலும்கூட வெளி இணைப்பு அழுத்தித் திறக்கும்படி இருக்க வேண்டுமானால், தொலைபேசி எண்ணைச் சரிபார்ப்பதற்கு மேல் இன்னொரு படி சரிபார்ப்பை யூடியூப் கேட்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப் எண்ணைத் திரையிலேயே பெரிதாக எழுதுங்கள், வாயாலும் இரண்டு முறை சொல்லுங்கள். குறிப்பின் முதல் இரண்டு வரிதான் மடங்காமல் தெரியும். அங்கே உங்கள் விருதுகளை எழுதாமல் புத்தகத்தின் பெயர், விலை, எண் மூன்றையும் எழுதுங்கள்.

யூடியூபிலிருந்தே வருமானம் வருமா என்று கேட்கும் தம்பிகளுக்கு: விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்க 1000 சந்தாதாரர்களும், அதோடு ஓராண்டில் 4000 மணி நேரப் பார்வையோ 90 நாளில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடிப் பார்வையோ வேண்டும். மூன்று நிமிட வாசிப்பை வைத்து 4000 மணி நேரம் சேர்ப்பதற்குள் இரண்டாம் நாவலை எழுதிவிடலாம். இருபது பிரதி விற்றாலே அதைவிட மேல்.

அமெரிக்க நாவலாசிரியர் ஜான் கிரீனை இங்கே ஒரு காரணத்துக்காகச் சொல்கிறோம். 2007 ஜனவரி முதல் அவரும் அவர் தம்பியும் ஒருவருக்கொருவர் காணொளி எழுதிக்கொள்வது போல யூடியூபில் பேசத் தொடங்கினார்கள். 2012இல் அவருடைய ‘தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்’ வந்தபோது முதல் அச்சின் ஒன்றரை லட்சம் பிரதிகளிலும் கையெழுத்திட்டார். அச்சாவதற்குப் பல மாதம் முன்பே முன்பதிவில் அது முதலிடத்துக்கு வந்தது. அவருடைய வசதியும் ஆங்கிலமும் நமக்கு இல்லை, ஒப்பிட வரவில்லை. கவனிக்க வேண்டியது அந்த இடைவெளியை. கேட்பவர்கள் கூடி நாலைந்து ஆண்டு ஆன பிறகு வந்த புத்தகம் அது. நாம் புத்தகம் வந்த வாரத்தில் மூன்று காணொளி போட்டுவிட்டு, அடுத்த புத்தகம் வரும்வரை வாய்மூடி இருக்கிறோம். இப்போது எங்களில் யாராவது ஒருவர் மாதத்துக்கு இரண்டு பக்கமாவது வாசித்துவிடுகிறோம். சொந்தப் புத்தகம் தீர்ந்தால் மூத்தவர்களின் நூலிலிருந்து, அவர்களிடமும் பதிப்பகத்திடமும் கேட்டுக்கொண்டு. இதில் இன்னொரு நன்மை, அந்த நூல்களும் நகர்கின்றன.

ஆர்டர் வந்த பிறகு நடக்கும் வேலைதான் பலருக்குச் சலிப்பு. அதற்கென்று தனி சிம் வாங்குங்கள். பெண்கள் கட்டாயம் வாங்க வேண்டும். சொந்த எண்ணைத் திரையில் போட்ட எங்கள் தோழி ஒருவருக்கு இரவு பதினோரு மணிக்கு மேல் வந்த அழைப்புகளில் புத்தகம் கேட்டது ஒன்றுகூட இல்லை. அந்தத் தனி எண்ணில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை வைத்தால் புத்தகப் பட்டியலையும் தயார் பதிலையும் அதிலேயே போட்டுவைக்கலாம், இலவசம்தான். பணம் யுபிஐயில் வந்துவிடும். தபாலில்தான் இடித்தது. குறைந்த செலவில் பதிவு எண்ணோடு போய்க்கொண்டிருந்த பதிவுப் புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். நூறு ரூபாய்ப் புத்தகத்துக்கு ஐம்பது ரூபாய் கூரியர் என்றால் யார் வாங்குவார்கள்? 2025 மே 1 முதல் ‘ஞான் போஸ்ட்’ வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. நூலில் அச்சகம் அல்லது பதிப்பகத்தின் பெயர் இருக்க வேண்டும். வணிக வெளியீடுகளுக்குப் பொருந்தாது என்றும் விதி உள்ளதால், நூலை எடுத்துக்கொண்டுபோய் உங்கள் அஞ்சலகத்தில் ஒருமுறை காட்டிக் கேட்டுவிடுங்கள். தபால் செலவைச் சேர்த்தே ஒரே விலையாகக் காணொளியில் சொல்வது நல்லது. விலை ஒன்று, தபால் ஒன்று என்று பிரித்துச் சொன்னால் பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் எளிதான பகுதி.

எங்களில் ஒருவர், பெண், தன் ஊர்ப் பொதுக்கிணற்றைப் பற்றிய ஒரு பகுதியை வாசித்தார். அந்தப் புத்தகம் வந்து ஓராண்டு ஆகியிருந்தது. ஊரில் ஒருவருக்கும் தெரியாது, நானூறு பிரதியில் ஒன்றுகூட அந்த ஊருக்குப் போகவில்லை. காணொளி மூன்றாம் நாள் போய்விட்டது. ஊர்த்தெரு இளைஞர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருக்கிறார்கள். வாசிப்பில் ஒரு வீட்டின் அடையாளம் வருகிறது, பெயர் இல்லை, ஆனால் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மறுநாள் காலை நடவுக்குப் போன அவருடைய அம்மாவை, ‘நாளையிலேர்ந்து வர வேண்டாம், உம் மவ பெரிய ஆளாயிட்டா’ என்று திருப்பி அனுப்பினார்கள். அன்று இரவே காணொளியை எடுத்துவிட்டோம்.

எழுதியதற்காக ஊரை இழந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 2014இல் வந்த ‘ஊரார் வரைந்த ஓவியம்’ என்ற சிறு நூலுக்காக, புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த துரை.குணா தன் சொந்த ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. அச்சில் வந்த எழுத்துக்கே அது. காணொளியில் எழுத்தோடு முகமும் குரலும் சேர்ந்து போகிறது, படிக்காதவர்களிடமும் போகிறது, படிக்க விரும்பாதவர்களிடம் எல்லாரையும்விட முந்திப் போகிறது. பரவ வேண்டும் என்று நாம் செய்கிற ஒவ்வொன்றும் அந்தத் திசையிலும் பரவ உதவுகிறது. இதற்கு எங்களிடம் தொழில்நுட்பத் தீர்வு எதுவும் இல்லை.

எடுத்தது சரியா என்று எங்கள் ஐவருக்குள் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. பயந்தோம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்கிறார்கள் இருவர். காணொளி போட்டது நாம், கூலி போனது அம்மாவுக்கு என்கிறார்கள் மற்ற இருவர். வாசித்தவர் சொன்னது இது: “புஸ்தகத்துல ஒரு எழுத்தக்கூட மாத்த மாட்டேன். ஆனா அம்மா அந்த ஊர்ல இருக்கறவரைக்கும் அந்தப் பக்கத்த நான் சத்தமா வாசிக்க மாட்டேன். வேற பக்கம் வாசிக்கிறேன்.” முடிவு அவருடையது என்று விட்டுவிட்டோம். அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். எந்தப் பக்கத்தைப் படம்பிடிப்பதற்கு முன்னும், எழுதியவர் ஊரில் இருக்கும் தன் வீட்டாருக்கு அதைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டுவார். அவர்கள் வேண்டாம் என்றால் வேறு பக்கம். இதில் எதிர்பாராதது என்னவென்றால், எங்களில் மூவருடைய வீட்டார் அப்படித்தான் முதன்முறையாகத் தங்கள் பிள்ளையின் எழுத்தைக் கேட்டார்கள். ஒருவருடைய அப்பா, “அது அப்படி நடக்கல” என்று ஆரம்பித்து அரை மணி நேரம் திருத்தம் சொன்னார். இரண்டாம் பதிப்பில் அதில் பாதி சேர்ந்திருக்கிறது.

கருத்துப் பகுதியில் வருகிற சாதி வசவுகளை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். யூடியூபில் தடுக்க வேண்டிய சொற்களின் பட்டியல் ஒன்றைப் போட்டுவைக்கலாம். அந்தச் சொல் வரும் கருத்து வெளியே தெரியாமல் நிறுத்திவைக்கப்படும். எங்கள் பட்டியலைத் தயாரிக்க உட்கார்ந்த அன்று, எங்களைச் சொன்ன சொற்களை எல்லாம் நாங்களே ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. எழுத்துக்கூட்டல் மாற்றி மாற்றி எழுதுவார்கள் என்பதால் ஒரு சொல்லை நாலைந்து விதமாக. அந்த மாலையைப் பற்றி வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம். அந்த வேலையை ஒருவர் தனியாகச் செய்ய வேண்டாம், இன்னொருவரும் பக்கத்தில் இருக்கட்டும். மிரட்டலோ சாதிப் பெயர் சொல்லி இழிவோ வந்தால் அழிப்பதற்கு முன் தேதி, கணக்கின் பெயர், இணைப்பு எல்லாம் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்துவையுங்கள். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் இழிவுபடுத்துவதைக் குற்றமாக்குகிறது. பழங்குடிப் பெண் ஒருவரை இழிவுபடுத்திய காணொளி தொடர்பான வழக்கில், இணையத்தில் ஏற்றியதும் பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்டதே என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நம் வழக்கறிஞர் தோழர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள், எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று மன்றத்துக்காக. ஆளுக்கொரு சேனல் தொடங்கி ஆளுக்கு நூறு சந்தாதாரர்களோடு நிற்பதைவிட, மன்றத்தின் பெயரில் ஒரே சேனல் வைத்து, இந்த மாவட்டத்தில் எழுதுகிற எல்லாரும் அதில் வாசிக்கலாம். ஆர்டர் எண்ணும் ஒன்றே, தபால் போடுகிறவரும் ஒருவரே. கடவுச்சொல் யாரிடம் இருப்பது என்பதில்தான் சண்டை வரும், அதை முதல் கூட்டத்திலேயே எழுத்தில் முடிவு செய்துவிடுங்கள். ஒரு நல்ல சேனல் அந்தச் சண்டையால் பூட்டிக் கிடப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

உரை முடிந்ததும் பின் தாழ்வாரத்தில், மின்விசிறி இல்லாத அந்த மூலை அறையில், புதிதாக நூல் வெளியிட்டிருக்கும் இருவர் ஆளுக்கு ஒரு பக்கம் வாசிக்கிறார்கள். படம்பிடிக்கப்போகிறோம். இருவரும் வீட்டில் வாசித்துக் காட்டி ஒப்புதல் வாங்கிவிட்டார்கள். கேட்க வருகிறவர்கள் செல்பேசியை அணைத்துவிட்டு வாருங்கள். அண்ணனின் பையை அவர் வீட்டிலிருந்து வாங்கி வந்திருக்கிறோம், கதவருகே மேசைமேல் இருக்கிறது. அதில் இரண்டு நூலும் பத்துப் பத்துப் பிரதி. ஒன்று நூற்றிருபது ரூபாய், இன்னொன்று தொண்ணூறு.